கோழி அடையும் நேரம்

மாலையில் எண்ணியபோது பன்னிரண்டு கோழிகள். விடிந்து எண்ணினால் பதினொன்றுதான் நிற்கின்றன. வேப்பமரத்தடியில் ஒரு பிடி இறகு கிடக்கிறது. அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கழித்தல் கணக்கைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரநாய், காட்டுப்பூனை, கோட்டான், தெருநாய் – இவற்றில் ஏதோ ஒன்று இரவில் வந்து போயிருக்கிறது. ஒரு பெட்டைக்கோழி போனால் போவது அந்த ஒன்று மட்டுமன்று. அது இட இருந்த முட்டைகளும், அடைகாத்து இறக்க இருந்த குஞ்சுகளும் சேர்ந்தே போகின்றன.

இத்தனைக்கும் வாசலில் கூடு இருக்கிறது. பழைய பலகையும் கம்பிவலையும் வைத்துக் கட்டிய நல்ல கூடு. உள்ளே ஒரு மரக்கழியும் குறுக்கே போட்டிருக்கிறது. ஆனால் கோழிகள் அதை மதிப்பதில்லை. சில வேம்பின் கிளைக்கு ஏறுகின்றன. சில ஓட்டுக் கூரைக்கு. ஒன்று நிறுத்தி வைத்த மொபெட்டின் இருக்கையே போதும் என்று உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே போனவையும் கழியில் ஏறாமல் மூலையில், எச்சத்தின் மேல், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு முடங்குகின்றன. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்க்கும் பெற்றோர் வீடு திரும்ப இரவு எட்டரை மணிக்கு மேலாகிவிடும். ஆகவே கோழிகளைக் கூட்டில் சேர்க்கும் வேலை பல வீடுகளில் உங்களைப் போன்ற மாணவர்கள் தலையில்தான் விழுகிறது. குச்சியை எடுத்துக்கொண்டு துரத்துகிறீர்கள். கோழி இன்னும் உயரமான கிளைக்குப் போகிறது.

தமிழ் இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். கோழி அடைகிறது என்பது தன்வினை. கோழியை அடைக்கிறோம் என்பது பிறவினை. நாம் செய்ய முயல்வதெல்லாம் இரண்டாவது. கோழியின் உடலும் மூளையும் அறிந்திருப்பது முதலாவதைத்தான். ஒவ்வொரு நாள் மாலையிலும், யாரும் சொல்லாமலே, கோழி ஓர் இடத்தைத் தேடி அடையத்தான் போகிறது. அந்த இடம் நம் கூடாக இருக்க வேண்டுமானால், அது எதைத் தேடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காட்டிலிருந்து வந்த பழக்கம்

திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், உடுமலைப்பேட்டைக்கு அப்பால், அமராவதி அணையை ஒட்டி ஆனைமலைக் காடுகள் தொடங்குகின்றன. அங்கே சாம்பல் நிறக் காட்டுக்கோழி வாழ்கிறது. பகலெல்லாம் தரையில் சருகைக் கிளறி மேய்கிறது. இருட்டுவதற்கு முன் மரத்திலோ மூங்கில் புதரிலோ ஏறிவிடுகிறது. தரையில் நரியும் காட்டுப்பூனையும் நடமாடும் நேரத்தில், தரையில் இல்லாதிருப்பதே அதன் பாதுகாப்பு.

நம் வீட்டுக் கோழியின் முக்கிய மூதாதை இது அன்று. தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. தாய்லாந்திலுள்ள பான் நான் வாட் என்னும் தொல்லியல் களத்தில் கிடைத்த எலும்புகள், மனிதன் கோழி வளர்த்ததற்குக் கிடைத்துள்ள சான்றுகளில் மிகப் பழையவை என்று 2022-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அவற்றின் காலம் சுமார் கி.மு. 1650 முதல் 1250 வரை. ஆனால் நம் ஊர்க் காட்டுக்கோழிக்கும் இந்தக் குடும்பத்தில் பங்கு உண்டு. பல கோழிகளின் கால் மஞ்சளாக இருக்கிறதல்லவா? அந்த மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டறிந்தனர். நம் காட்டின் அடையாளம் உலகெங்கும் கோழிக்காலில் நடந்துகொண்டிருக்கிறது!

மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்தும் மாலை வந்தால் மேலே ஏறும் பழக்கம் மட்டும் போகவில்லை. சுவீடனில் ஆன்னா ஆல்சன், லிண்டா கீலிங் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், இரவில் உட்காரும் கழியைப் பெட்டைக்கோழிகளுக்கு எட்டாதபடி மறைத்துப் பார்த்தனர். விளக்கணையும் நேரத்தில் அவை அமைதியிழந்து இங்குமங்கும் அலைந்தன. கழிக்குப் போகும் வழியில் தள்ளுவதற்குக் கடினமான கதவு ஒன்றை வைத்தபோது அதையும் முட்டித் தள்ளிக்கொண்டு போயின. தீனிக்காக அன்று, ஒரு கழிக்காக! இந்த ஆய்வுகள் 2000-லும் 2002-லும் வெளிவந்தன.

2009-ல் ஜெர்மனியில் வெளியான இன்னொரு ஆய்வு நம் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. கோழிக்கு வேண்டியது கழியா, உயரமா? ஷ்ராடர், முல்லர் ஆகிய இருவரும் தாழ்வான கழியையும் அதைவிட உயரமான கம்பிவலைத் தட்டையும் கோழிகளுக்குக் காட்டினர். கோழிகள் உயரமானதையே நாடின. பற்றிக்கொள்ள வசதியான கழி என்பதற்காக அவை தாழ்வான இடத்துக்கு இறங்கி வரவில்லை.

இப்போது உங்கள் கூட்டைப் பாருங்கள். கழி தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே இரண்டு ஆள் உயரத்தில் வேப்பங்கிளை. கோழியின் இடத்தில் இருந்தால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? வேம்போடு உயரத்தில் போட்டி போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் கூட்டுக்குள் இருப்பவற்றில் எல்லாம் உயரமானதாகக் கழி இருக்கலாமே. பல கூடுகளில் முட்டையிடும் பெட்டி கழியைவிட உயரமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் கோழி முட்டைப் பெட்டியில் ஏறித் தூங்கி, அதையே எச்சக்குழி ஆக்குகிறது. பெட்டியைக் கீழே இறக்கிக் கழியை மேலே ஏற்றினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். மரத்துக்கு ஏறும் வழியையும் அடைக்க வேண்டும். கிளைக்கு அருகில் சாய்த்து வைத்த ஏணி, வண்டி, விறகு அடுக்கு ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். கோழி பெரும்பாலும் படிப்படியாகத் தாவித்தான் மேலே போகிறது.

இருபத்திரண்டு நிமிடங்கள்

அடுத்தது கண். மனிதர்களில் வைட்டமின் 'ஏ' குறைந்தவர்களுக்கு மாலைக்கண் வரும் என்று படித்திருக்கிறீர்கள். கோழிக்கு இயல்பாகவே மங்கல் ஒளியில் பார்வை குறைவு. பகல் பார்வையில் அது நம்மைவிடக் கெட்டி. நிறங்களைப் பிரித்தறிய நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. கோழிக்கு நான்கு வகை. அவை தவிர இரட்டைக் கூம்பு என்று இன்னொரு வகையும் உண்டு. ஒவ்வொரு கூம்பின் முனையிலும் ஒரு சிறு எண்ணெய்த் துளி இருக்கிறது. அவற்றில் பல நிறமுள்ளவை. கண்ணாடித் தாளைப்போல ஒளியை வடிகட்டி, நிறங்களைத் துல்லியமாகக் காட்டுகின்றன. ஆனால் வடிகட்டும்போது ஒளியின் ஒரு பங்கு குறையத்தானே செய்யும்? மங்கல் ஒளிக்கென உள்ள கோல் செல்களும் கோழிக்குக் குறைவு. புழுவையும் தானியத்தையும் பகலில் கண்டுபிடிக்க அமைந்த கண் அது, இரவுக்கு ஏற்றதன்று.

இதில் நம் ஊரின் பூகோளமும் சேர்ந்துகொள்கிறது. திருப்பூர் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் அடிவானத்தில் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தியொளி விரைவில் மறைகிறது. வெயில் காயும் நண்பகலில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் ஒளி இருக்கும். சூரியன் மறையும் வேளையில் அது சில நூறு லக்ஸாகக் குறைகிறது. அதிலிருந்து சுமார் 22 நிமிடங்களில் மூன்று, நான்கு லக்ஸாகிவிடுகிறது. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஜூன் மாதத்தில் இதே மாற்றத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அங்குள்ள கோழி நிதானமாக இடம் தேடலாம். நம் கோழிக்கு அந்த வசதி இல்லை.

கோழி கூட்டுக்குள் நுழைய மறுப்பதற்கு ஒரு முக்கியமான காரணம் இங்கே தெரிகிறது. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, சிறு வாசல் வைத்த பலகைக் கூட்டின் உட்புறம் இருண்டுவிடுகிறது. நமக்கு உள்ளே கழி தெரிகிறது. கோழிக்கு அது கறுத்த பொந்து. பொந்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்தக் கோழி தலையை விடும்? நுழைந்தாலும் கழியின் உயரத்தைக் கணிக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறது. சூரியன் மறையும் திசையை நோக்கிக் கூட்டின் வலைப்பக்கத்தை வைத்தால் கடைசி வெளிச்சம் உள்ளே விழும். மழைச்சாரல் அடிக்கும் பக்கம் அதுவானால், கூட்டுக்குள் ஒரு சிறு விளக்கு போதும். கழிக்கு மேலே ஒரு ஜீரோ வாட் பல்பைச் சூரியன் மறைவதற்குச் சற்று முன் போட்டு, எல்லாம் ஏறியபின் அணைத்துவிடுங்கள். ஒயரைக் கோழி கொத்தாதபடி குழாய்க்குள் விட்டுப் பெரியவர்களைக் கொண்டு அமைப்பது அவசியம். கோழிகள் தரையில் இருக்கும்போது பட்டென்று அணைத்துவிடாதீர்கள். அணைத்த இடத்திலேயே அவை உறைந்து நின்றுவிடும்.

எதிர்மாறான தொல்லையும் நம் பகுதியில் உண்டு. இரவு ஷிப்டு நடக்கும் கம்பெனியின் வெளிவிளக்கோ, தெருவிளக்கோ வாசலில் பளீரென்று விழுந்தால், கோழிக்கு மாலை முடிவதே இல்லை. கூடு இருட்டு, வெளியே வெளிச்சம். அது வெளிச்சத்திலேயே நின்றுகொள்ளும். ஒரு சாக்குத் திரையைக் கட்டி அந்த ஒளியை மறைத்துப் பாருங்கள்.

ஒளி கோழியின் கண்ணுக்கு மட்டும் செய்தி சொல்வதில்லை. மூளையின் மேற்புறத்தில், மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே, பினியல் என்னும் சிறு சுரப்பி இருக்கிறது. இருளில் அது மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. நம் பினியலுக்கு ஒளிச்செய்தி கண் வழியாகவே போக வேண்டும். கோழியின் பினியலோ மண்டையோட்டைக் கடந்து வரும் ஒளியைத் தானே உணர்கிறது! அதற்குரிய ஒளியுணர் நிறமியை 1994-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்துப் பினாப்சின் என்று பெயரிட்டனர். இந்தச் சுரப்பியின் செல்களைக் கோழியிலிருந்து பிரித்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தாலும், அவை இரவு பகல் ஒழுங்கில் மெலட்டோனினைச் சுரப்பதும் நிற்பதுமாக இருக்கும். கோழி தன் கடிகாரத்தைத் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையன்று. கூட்டில் இரவு முழுவதும் விளக்கு எரிய விடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

தூங்கும்போது ஏன் விழுவதில்லை?

கோழிக்கடையில் கேட்டால் கால் கிடைக்கும். அதை வைத்து ஒரு சோதனை செய்து பாருங்கள். வெட்டிய முனையில் வெள்ளை நூல்போலச் சில தசைநாண்கள் தெரியும். பாதத்தின் அடிப்பக்கத்தை ஒட்டிவரும் நாணை இடுக்கியால் பற்றி இழுங்கள். உயிரற்ற விரல்கள் மடங்கிப் பிடிக்கும்! (பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ மறக்க வேண்டாம்.) இந்த நாண், கணுக்கால் மூட்டின் பின்புறமாகச் செல்கிறது. கோழி உட்காரும்போது மூட்டு மடங்குவதால் நாண் இழுபட்டு, விரல்கள் தாமே கழியைப் பற்றிக்கொள்ளும் என்று இத்தாலிய அறிஞர் பொரெல்லி எழுதினார். விலங்குகளின் அசைவைப் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1680-ஐ ஒட்டி வெளியாயிற்று. முந்நூறு ஆண்டுகளாகப் பாடநூல்களும் இதையே சொல்லி வந்தன.

2012-ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சற்றே அசைத்தது. ஸ்டார்லிங் என்னும் மைனா இனப் பறவைகள் தூங்கும்போது பார்த்ததில், விரல்கள் இறுகப் பற்றியிருக்கவில்லை. பாதத்தின் நடு மெத்தையில் உடலின் பாரத்தைச் சமன்செய்தே அவை உட்கார்ந்திருந்தன. ஆகவே பிடிப்பை மட்டும் நம்பிப் பறவை தூங்குகிறது என்று இனி அடித்துச் சொல்ல முடியாது. சமநிலைக்கும் பெரும்பங்கு உண்டு. அறிவியலில் முந்நூறு ஆண்டுப் பழைய கருத்தானாலும் மறுபடி சோதிக்கப்படும்.

எப்படியாயினும் பாதம் முழுதாகப் பதிய இடம் வேண்டும். நான்கு, ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள, விளிம்பு மழுக்கிய மரக்கழி நல்லது. மெல்லிய கம்பியில் பாரமெல்லாம் ஒரே கோட்டில் அழுத்தும். வழவழப்பான பிளாஸ்டிக் குழாயில் கால் வழுக்கும். ஆடும் கழியில் கோழி ஒருமுறை ஏறிப்பார்க்கும், மறுமுறை ஏறாது. பெருவிடை போன்ற கனத்த இனங்களுக்குக் கழி மிக உயரமாக இருந்தால் காலையில் தொப்பென்று குதித்துப் பாதத்தில் புண் வரும்; நெஞ்செலும்பும் அடிபடும். கோழிக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். பாதி உயரத்தில் ஒரு படிக்கட்டையோ, சாய்த்து வைத்த ஏணியோ இருந்தால் இரண்டுக்கும் உதவும்.

நம் பகுதிக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனிகளும் விசைத்தறிகளும் உள்ள தெருக்களில் நூல்பிசிறு எங்கும் கிடக்கிறது. மேயும் கோழியின் விரலில் அது சுற்றிக்கொண்டால், நடக்க நடக்க இறுகும். இரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கி, கறுத்து, உதிர்ந்தும் போகலாம். பாரிஸ் நகரப் புறாக்களின் விரல் இழப்பைப் பற்றி 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. முடிதிருத்தும் கடைகள் அதிகமுள்ள பகுதிகளில் விரலிழந்த புறாக்களும் அதிகமாக இருந்தன. அங்கே குற்றவாளி தலைமுடி. ஒரு கோழி மட்டும் கழியில் ஏறாமல் தரையில் தங்கினால், முதலில் அதன் விரல்களைப் பிரித்துப் பாருங்கள். நூல் இருந்தால் நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் மெல்ல வெட்டி எடுத்துவிடலாம்.

கற்பிக்க ஆளில்லாத குஞ்சுகள்

மேலே ஏறும் ஆசை பிறவியிலேயே வருகிறது. ஏறும் திறமையோ பழகிப் பெறுவது. குஞ்சுகள் சிறியவையாக இருக்கும்வரை தாய்க்கோழி தரையிலேயே அவற்றை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு உட்காருகிறது. இறக்கை வலுத்ததும் தான் ஓர் உயரத்தில் ஏறிக் கூப்பிடுகிறது. ஒன்றிரண்டு ஏறும், மற்றவை கீழே நின்று கத்தும். சில நாளில் எல்லாம் ஏறிவிடும்.

இன்று பலரும் வாங்கி வளர்ப்பது இன்குபேட்டரில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சு. அதற்குத் தாயும் இல்லை, கழியும் இல்லை, சமதரையும் மின்விளக்கும்தான். சுவீடனில் குன்னார்சனும் அவருடைய குழுவினரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைக் காட்டுகிறது. ஒருநாள் வயதுக் குஞ்சுகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு முதல் நாளிலிருந்தே கழி உண்டு. மற்றதற்கு எட்டு வாரம் கழித்துத்தான். பதினாறு வார வயதில் உயரமான தட்டுகளில் தீனியை வைத்துச் சோதித்தனர். 40 சென்டிமீட்டர் உயரத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. உயரம் 80, 160 சென்டிமீட்டர் என்று ஏற ஏற, பிந்திக் கழி பெற்றவை பின்தங்கின. கால்வலு மட்டுமே காரணம் என்றால் 40 சென்டிமீட்டரிலும் தெரிந்திருக்கலாம். முப்பரிமாண வெளியைக் கணித்து வழி கண்டுபிடிக்கும் திறனே குறைந்திருக்கிறது என்று அவர்கள் கருதினர்.

எனவே குஞ்சு வாங்கினால் இரண்டாவது வாரத்திலேயே ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக ஒரு குச்சியை வைத்துவிடுங்கள். வளர வளர உயர்த்துங்கள். பல்லடத்தைச் சுற்றியுள்ள பிராய்லர் பண்ணைகளைப் பார்த்தவர்கள், "அந்தக் கோழிகள் தரையில்தானே தூங்குகின்றன?" என்று கேட்கக்கூடும். ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது. கனத்த மார்பைத் தூக்கிக்கொண்டு தாவ அதனால் எளிதில் முடியாது. பழகும் வயது வருமுன் விற்பனைக்கும் போய்விடுகிறது. அதை வைத்து நாட்டுக்கோழியை எடைபோடக் கூடாது.

வளர்ந்த கோழியைச் சந்தையிலிருந்து வாங்கி வந்திருந்தால்? முதல் ஒரு வாரம், பத்து நாள் அதைப் புதிய கூட்டுக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் வைத்து அடைத்து வையுங்கள். புதுக்கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதும், காலில் துணிக்கயிறு கட்டி வீட்டோரம் விடுவதும் நம் பாட்டிமார் அறிந்த முறைதான். 'இதுதான் வீடு' என்று கோழிக்குப் பதியும்வரை அதை வெளியே விடமாட்டார்கள். உள்ளே தரையில் படுக்கும் கோழியை நன்றாக இருட்டிய பிறகு இரு கைகளாலும் எடுத்து, கழியில் நெஞ்சு படுமாறு வையுங்கள். கால் தானே பற்றும். இருட்டில் இறங்கத் தெரியாமல் அங்கேயே தூங்கிவிடும். நாலைந்து இரவு சலிக்காமல் செய்தால் பெரும்பாலானவை தாமே ஏறத் தொடங்கும். கழியைப் பழகிய ஒரு மூத்த பெட்டை கூட்டத்தில் இருந்தால் உங்கள் வேலை இன்னும் குறையும்.

யாருக்கு எந்த இடம்?

மாலையில் கழியில் நடக்கும் சண்டையைக் கவனித்திருக்கிறீர்களா? நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டரூப்-எப்பெ சிறுவனாக இருந்தபோதே தம் வீட்டுக் கோழிகளைக் கூர்ந்து பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து பிறந்ததே 'கொத்தும் வரிசை' என்ற கருத்து. 1920-களின் தொடக்கத்தில் அவர் அதை வெளியிட்டார். ஒவ்வொரு கோழிக்கும் கூட்டத்தில் ஒரு படிநிலை உண்டு. மேலுள்ளது கீழுள்ளதைக் கொத்தலாம், திருப்பிக் கொத்து வாங்காது. கழிகளைப் படிப்படியாக வைத்தால் மேல்கழிக்கு எல்லாம் முண்டியடிக்கும். தோற்றது கீழே விழும், அல்லது வேப்பமரத்துக்குப் போகும். எல்லாக் கழிகளையும் ஒரே உயரத்தில் வைத்தால் சண்டை குறையும்.

இடமும் போதுமானதாக வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் முட்டைக்கோழி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் கழி நீளம் தர வேண்டும் என்கிறது. இரு கழிகளுக்கு இடையே 30, கழிக்கும் சுவருக்கும் இடையே 20 சென்டிமீட்டர். நம் சித்திரை வெயிலில் கோழிகள் ஒட்டி உட்கார விரும்புவதில்லை. நான் 20 சென்டிமீட்டர் என்றே கணக்கிடச் சொல்வேன். பன்னிரண்டு கோழிக்கு 240 சென்டிமீட்டர். அதாவது எட்டு அடிக் கழி ஒன்று, அல்லது நாலடிக் கழி இரண்டு.

வரிசையாக உட்காருவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பறவைகளால் மூளையின் ஒரு பாதி தூங்க மறுபாதி விழித்திருக்க முடியும். 1999-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் காட்டு வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுப் பார்த்தனர். நடுவில் இருந்தவற்றைவிட ஓரத்தில் இருந்தவை ஒரு கண்ணைத் திறந்தபடி அதிக நேரம் தூங்கின. திறந்திருந்தது பெரும்பாலும் வெளிப்புறத்துக் கண். கோழிக்குஞ்சுகளும் ஒற்றைக் கண்ணால் தூங்குவதுண்டு.

நேற்றுவரை போன கோழி இன்று ஏன் போகவில்லை?

இது வேறு வகைக் கேள்வி. பல மாதம் ஒழுங்காக அடைந்த கூட்டம் திடீரென்று கூட்டை வெறுத்தால், குற்றம் கோழியிடம் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் விளக்குடன் போய்க் கழியின் அடிப்புறத்தையும் பலகை இடுக்குகளையும் மூங்கில் வெடிப்புகளையும் பாருங்கள். தட்டையான, பழுப்பு நிறக் கோழி உண்ணிகள் ஊர்ந்துகொண்டிருக்கலாம். ஆர்கஸ் பெர்சிகஸ் என்று இதற்கு விலங்கியல் பெயர். பகலில் இடுக்கில் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டு மீண்டும் ஒளியும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது! உணவில்லாமல் பல மாதம் உயிர் வாழும் பிராணி ஆதலால், கூட்டைச் சில வாரம் காலியாகப் போடுவதால் பயனில்லை. கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, வெடிப்புகளைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். மருந்து தெளிப்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். கழி மெத்தென்று இருக்கட்டும் என்று பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றுகிறவர்கள் உண்டு. உண்ணிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

மற்றொரு காரணம் காற்று. கோழி எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். ஈரத்தில் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்க, அம்மோனியா எழுகிறது. கோழி இரவு முழுதும் ஒரே இடத்தில் இருப்பதால் எச்சம் கழிக்கடியில் குவிகிறது. விடியற்காலையில் கூட்டைத் திறந்ததும், கோழியின் தலை இருக்கும் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சிழுத்துப் பாருங்கள். கண் கரித்தால், உள்ளே பத்து மணி நேரம் இருந்த கோழிக்கு எப்படி இருந்திருக்கும்? கழிக்கு மேலே, கூரையை ஒட்டிக் காற்று போக வழிவிட்டு, அடியில் பழைய பலகையோ தகரமோ போட்டு வாரிவிட்டால் தொல்லையும் தீரும், எருவும் சேரும்.

கோழிகள் கூட்டில் அடைவதால் மரநாயிடமிருந்து மட்டுமன்று, அதைவிடப் பெரிய எதிரியிடமிருந்தும் அவற்றைக் காக்கலாம். வெள்ளைக்கழிச்சல் என்று நம் பக்கத்தில் சொல்லும் கோழிக்கழிச்சல் நோய், ஒரு வீட்டுக் கோழிகளைச் சில நாட்களில் வாரிக்கொண்டு போகும். 1920-களின் பிற்பகுதியில் இமயமலை அடிவாரத்து ராணிக்கேத் நகரில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அதற்கு ராணிக்கேத் நோய் என்றும் பெயர். வைரஸால் வருவது, வந்த பிறகு மருந்தில்லை. தடுப்பூசி உண்டு. தமிழகக் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் கிராமங்களில் இலவச முகாம் நடத்தி இந்த ஊசியைப் போடுகிறது. ஆனால் பகலில் மேய்ந்து, இரவில் மரத்தில் தங்கும் கோழியை யார் பிடிப்பது? முகாமன்று பிடிபடாமல் தப்பிய கோழிகளே பிறகு நோய்க்கு முதலில் பலியாகின்றன. கூட்டில் அடையும் கோழியானால், முகாமுக்கு முந்திய இரவே கதவைச் சாத்திவிட்டு, விடியும்முன் மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைக்கலாம். கண் தெரியாததால் அவை ஓடுவதில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடிய ஓர் ஆராய்ச்சி. ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, சூரியன் மறையும் நேரம், முதல் கோழி கழியில் ஏறிய நேரம், கடைசிக் கோழி ஏறிய நேரம். சூரியன் மறையும் நேரம் நாளிதழில் கிடைக்கும். திருப்பூரில் அது நவம்பர் நடுவில் ஆறு மணிக்குச் சற்று முன்பாகவும், ஜூலைத் தொடக்கத்தில் ஆறே முக்கால் மணிக்குச் சற்றுப் பின்பாகவும் இருக்கும். மேகமூட்டமான நாட்களைத் தனியாகக் குறியுங்கள். மாதம் பத்து நாள் வீதம் ஓராண்டு எழுதினால், உங்கள் கோழிகள் கடிகார நேரத்தைப் பார்க்கின்றனவா, சூரியனைப் பார்க்கின்றனவா, மேகத்தையும் கணக்கில் சேர்க்கின்றனவா என்பதை வரைபடத்தாளில் நீங்களே காட்டிவிடலாம். முதலில் ஏறுவது எப்போதும் ஒரே கோழியா என்பதையும் பாருங்கள். அடையாளத்துக்குக் காலில் வண்ண வளையம் போடுங்கள், நூல் கட்ட வேண்டாம்.